உங்களுக்குத் தெரியுமா? அணைத்துப் போட்டும் அழியாத அட்டைகள்

"ஏம்மா, போனை அணைச்சுட்டுத்தானே திரும்பப் போட்டேன்? அப்புறம் ஏன் இத்தனை ஆப் திறந்து கிடக்கு? இதுல ஒண்ணு நான் தொட்டதே இல்லை." போன மாதம் அம்மா போனை நீட்டிக்கொண்டு கேட்டார். திரையில் வரிசையாக அட்டைகள்: வாட்ஸ்அப், நாள்காட்டி, கேமரா, யூடியூப். நடுவில் பெயர் தெரியாத ஒன்று. போனை யாரோ நோண்டியிருக்கிறார்கள் என்ற பயம் அவர் குரலில் இருந்தது. இந்தப் பயம் பலருக்கும் இருப்பதால், இந்த வாரப் பக்கம் முழுக்க அந்த அட்டைகளைப் பற்றியே.

அட்டை என்பது ஒரு படம்

ரீஸ்டார்ட் செய்யும்போது போனில் ஓடிக்கொண்டிருந்த எல்லாமே நின்றுவிடுகிறது. நினைவகம் துடைத்த பலகை மாதிரி ஆகிவிடும். அதன் பிறகும் சமீபத்திய செயலிகள் திரையில் அட்டைகள் தெரிகின்றன என்றால், அவை ஓடும் செயலிகள் அல்ல. கடைசியாக எங்கெல்லாம் போய்வந்தீர்கள் என்று போன் எழுதிவைத்திருக்கும் குறிப்பு.

ஆண்ட்ராய்டில் இந்தக் குறிப்பு ரீஸ்டார்ட்டைத் தாண்டியும் நிலைக்கத் தொடங்கியது 2014இல் வந்த 5.0 லாலிபாப் பதிப்பிலிருந்து. நீங்கள் ஒரு செயலியை விட்டு வெளியே வரும்போது அதன் திரையைப் போன் ஒரு படம் பிடித்துக்கொள்கிறது. அந்தப் படமும் செயலியின் பெயரும் சேமிப்பகத்தில் சிறு கோப்புகளாக உட்காருகின்றன. போனை அணைத்தாலும் கோப்பு எங்கும் போகாது. ஐபோனிலும் இதே கதைதான். அங்கேயும் அட்டை என்பது எடுத்துவைத்த படமே.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ரீஸ்டார்ட் ஆனதும் ஓர் அட்டையைத் தொடுங்கள். பாதி படித்த பக்கம் அட்டையில் தெரியும். ஆனால் தொட்டவுடன் செயலி தன் சின்னத்தைக் காட்டி, முதலிலிருந்து தொடங்கும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அப்படித் தொடங்க வேண்டிய தேவையே இல்லையே!

பின் நம்பர் போட்ட பிறகுதான்

ரீஸ்டார்ட் ஆகி, நீங்கள் இன்னும் பின் நம்பர் போடாத நிலையில் போன் பாதித் தூக்கத்தில்தான் இருக்கிறது. 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல் சேமிப்பகம் இரண்டு அறைகளாகப் பிரிக்கப்பட்டது. போன் எழுந்ததும் திறக்கும் அறை ஒன்று. உங்கள் பின் நம்பரோ பாஸ்வேர்டோ இல்லாமல் திறக்காத அறை இன்னொன்று. அலாரம் மாதிரி அவசியமான சில செயலிகள் முதல் அறையிலிருந்து வேலை செய்யும். அதனால்தான் இரவில் போன் தானாக ரீஸ்டார்ட் ஆனாலும் காலையில் அலாரம் அடிக்கிறது. அட்டைகளின் பட்டியல் இருப்பதோ பூட்டிய அறையில்.

ஐபோனில் இதற்கு ஒரு நல்ல அடையாளம் உண்டு. ரீஸ்டார்ட் ஆகி, ஒருமுறைகூடத் திறக்காத ஐபோனுக்கு யாராவது அழைத்தால் பெயர் வராது, வெறும் எண்தான் வரும். தொடர்புப் பட்டியலும் பூட்டுக்குள் இருக்கிறது.

போன் எழுந்துவிட்டது என்ற அறிவிப்பு பெரும்பாலான செயலிகளுக்குப் போவதும் பூட்டைத் திறந்த பிறகுதான். அதுவரை காத்திருந்தவை எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்கின்றன. பின் நம்பர் போட்ட முதல் ஒன்றிரண்டு நிமிடம் போன் திணறுவதற்கு இது முக்கியக் காரணம். அந்த நேரத்தில் பதற்றப்பட்டு மறுபடி ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். எல்லாம் மறுபடி முதலிலிருந்து நடக்கும்.

நீங்கள் அணைக்காமலே அணைந்திருக்கலாம்

ஐபோனில் 2024இல் வந்த ஐஓஎஸ் 18 வரிசையில் ஒரு ஏற்பாடு சேர்ந்தது. மூன்று நாள் யாரும் திறக்காமல் கிடந்தால் போன் தானே ரீஸ்டார்ட் ஆகும். 2025 ஏப்ரலில் கூகுளும் ஆண்ட்ராய்டுக்கு இதே மூன்று நாள் கணக்கைக் கொண்டுவந்தது. திருடுபோன போனைத் திருடியவர் சாவகாசமாகக் குடைய முடியாதபடி, பூட்டிய அறையை மீண்டும் பூட்டிவிடுவதுதான் நோக்கம். ஊருக்குப் போய்த் திரும்பி, மேசை இழுப்பறையிலிருந்த பழைய போனை எடுக்கும்போது அது கைரேகையை ஏற்காமல் பின் நம்பர் கேட்டால், யாரும் தொடவில்லை, போன் தன்னைத் தானே காத்துக்கொண்டது என்று பொருள்.

தள்ளிவிடும் பழக்கம் வந்த வழி

அட்டையை விரலால் மேலே தள்ளிவிடும் பழக்கத்தை ஆப்பிளோ கூகுளோ தொடங்கவில்லை. 2009 ஜூனில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த பாம் ப்ரீ என்ற போனில், வெப்ஓஎஸ் என்ற மென்பொருள்தான் இதை மக்கள் கையில் கொடுத்தது. திறந்த செயலிகள் சீட்டுக்கட்டைப் பரப்பியதுபோல வரிசையாக நிற்கும். வேண்டாததை மேலே தள்ளினால் மூடிக்கொள்ளும்.

அந்த அனுபவத்தை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் மத்தியாஸ் துவார்த்தே. 2010இல் அவர் கூகுளுக்குப் போனார். 2011இல் ஆண்ட்ராய்டு 3.0 சமீபத்திய செயலிகளுக்கென்று தனிப் பொத்தான் வைத்தது. அதே ஆண்டு வந்த 4.0இல் படங்களைப் பக்கவாட்டில் தள்ளி நீக்கும் வசதி வந்தது. ஐபோனில் 2010இல் ஐஓஎஸ் 4 வந்தபோது, முகப்புப் பொத்தானை இருமுறை அழுத்தினால் கீழே சின்னங்கள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. அட்டைகளும் மேலே தள்ளுவதும் 2013இல் ஐஓஎஸ் 7 வந்தபோதுதான் வந்தன.

இங்கேதான் குழப்பத்தின் வேர் இருக்கிறது என்பது என் எண்ணம். பாம் போனில் அட்டை என்றால் உண்மையாகவே ஓடிக்கொண்டிருக்கும் செயலி. தள்ளினால் அது முடிந்தது. பிறகு வந்தவர்கள் தோற்றத்தையும் விரல் அசைவையும் எடுத்துக்கொண்டார்கள். பொருள் மட்டும் மாறிவிட்டது. பார்க்கும் நமக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. பதினைந்து ஆண்டுகளாக நாம் குறிப்பேட்டைப் பார்த்து, உள்ளே ஆள் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

வெப்ஓஎஸ் என்ன ஆனது என்கிறீர்களா? போனில் அது நிலைக்கவில்லை. 2013இல் எல்ஜி நிறுவனம் வாங்கியது. இன்று எல்ஜி ஸ்மார்ட் டிவிகளுக்குள் அதுதான் ஓடுகிறது.

எல்லாவற்றையும் தள்ளினால் சார்ஜ் மிச்சமா?

2016 மார்ச்சில் ஐபோன் வாடிக்கையாளர் ஒருவர் ஆப்பிள் தலைவர் டிம் குக்குக்கு மின்னஞ்சல் அனுப்பினார். நீங்கள் செயலிகளை அடிக்கடி தள்ளி மூடுவீர்களா, சார்ஜ் நிற்க அது அவசியமா என்று இரண்டு கேள்விகள். பதில் எழுதியவர் மென்பொருள் பிரிவுத் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி. இரண்டுக்கும் அவர் சொன்னது ஒரே பதில்: இல்லை. ஆண்ட்ராய்டை அப்போது நடத்திவந்த ஹிரோஷி லாக்ஹைமரும் அதே மாதம் அதே கருத்தைச் சொன்னார்.

காரணம் எளிது. நினைவகத்தில் உறைந்து நிற்கும் செயலி சார்ஜைக் குடிப்பதில்லை. அதை வெளியே தள்ளிவிட்டுப் பத்து நிமிடத்தில் மறுபடி திறந்தால், எல்லாவற்றையும் புதிதாக ஏற்ற வேண்டும். அதற்குத்தான் சார்ஜ் போகிறது. இடம் போதாதபோது எதை வெளியேற்றுவது என்று முடிவு செய்ய ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் தனிக் காவலர்கள் உள்ளே இருக்கிறார்கள். நீண்ட நேரம் தொடாத செயலிகள்தான் முதலில் வெளியேறும்.

செயலி ஒன்று சிக்கிக்கொண்டு நகரவில்லையா? அப்போது தள்ளுங்கள். தள்ளுவதன் சரியான வேலை அதுதான்.

'போனை வேகமாக்கும்' செயலிகள்

ஒரே தட்டில் எல்லாவற்றையும் மூடி நினைவகத்தைக் காலி செய்வோம் என்று சொல்லும் செயலிகள் ஒருகாலத்தில் எல்லார் போனிலும் இருந்தன. 2023இல் வந்த ஆண்ட்ராய்டு 14 அந்தக் கதவைச் சாத்திவிட்டது. பின்னணியில் இருப்பதை மூடும் கட்டளையைக் கொடுக்கும் சாதாரணச் செயலியால் இப்போது தன்னை மட்டுமே மூட முடியும். அடுத்த செயலியைத் தொட முடியாது. அப்படியும் அவை சுழலும் சக்கரத்தையும் பச்சை டிக்கையும் காட்டிக்கொண்டு, நடுவே விளம்பரம் ஓட்டுகின்றன. அம்மாவின் போனில் இருந்த இரண்டை அன்றே நீக்கினேன்.

பக்கத்து அறையிலிருந்து வரும் அட்டை

ஐபோனில் அட்டைகளுக்குக் கீழே சில நேரம் ஒரு சிறு பட்டை எட்டிப்பார்க்கும். நீங்கள் திறக்காத சஃபாரி அங்கே நிற்கும். இதன் பெயர் ஹேண்ட்ஆஃப், 2014 முதல் இருக்கிறது. அதே ஆப்பிள் கணக்கில் இருக்கும் மேக்கிலோ ஐபேடிலோ, பக்கத்தில் யாராவது அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தால் புளூடூத் வழியாகச் செய்தி வந்து, 'இங்கே தொடரலாமா' என்று கேட்கிறது. பிள்ளைகளும் பெற்றோரும் ஒரே கணக்கைப் பங்கிட்டுக்கொள்ளும் வீடுகளில் இதனால் வரும் குழப்பம் கொஞ்சமல்ல. ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்வதே நல்லது. வேண்டாம் என்றால் செட்டிங்ஸில் ஜெனரல் பகுதியில் நிறுத்திவிடலாம்.

சில ஆண்ட்ராய்டு போன்களில் அட்டைகளுக்குக் கீழே நான்கைந்து சின்னங்கள் தெரியும். அவை திறந்தவையும் அல்ல, சமீபத்தில் பயன்படுத்தியவையும் அல்ல. அடுத்து எதைத் திறப்பீர்கள் என்று உங்கள் வழக்கத்தைப் பார்த்துப் போன் செய்யும் ஊகம். சாம்சங்கில் இதை அணைக்க அந்தத் திரையிலேயே வழி இருக்கிறது.

கேட்காமலே கிடைக்கும் அனுமதி

இப்போது உண்மையாகவே கவனிக்க வேண்டிய இடத்துக்கு வருவோம். கேமராவுக்கும் மைக்குக்கும் செயலி உங்களிடம் அனுமதி கேட்கிறது. போன் எழுந்ததும் தானும் எழுந்துகொள்வதற்கு அது கேட்பதே இல்லை. ஆண்ட்ராய்டு அதைச் சாதாரண அனுமதி என்ற வகையில் வைத்திருக்கிறது. நிறுவும்போதே கிடைத்துவிடும்.

எந்தெந்தச் செயலிக்கு அது இருக்கிறது என்று பார்க்க வழி உண்டு. பிளே ஸ்டோரில் செயலியின் பக்கத்துக்குப் போய், 'அபவுட் திஸ் ஆப்' பகுதியின் அடியில் அனுமதிகளைத் திறந்தால், 'ரன் அட் ஸ்டார்ட்அப்' என்ற வரி இருந்தால் அதுதான். அலாரம், வாட்ஸ்அப் போன்றவற்றுக்கு அது நியாயமான தேவை. நினைவூட்டலும் செய்தியும் தவறாமல் வர வேண்டுமே. வால்பேப்பர் செயலிக்கும் டார்ச் செயலிக்கும் எதற்கு? அந்தக் கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும்.

ஷாவ்மி, விவோ, ஓப்போ போன்களில் இதற்குத் தனிச் சாவியே இருக்கிறது. செட்டிங்ஸில் 'ஆட்டோஸ்டார்ட்' அல்லது 'ஆட்டோ லாஞ்ச்' என்று தேடுங்கள். வேண்டாதவற்றை ஒவ்வொன்றாக அணைக்கலாம். வேறு பல போன்களில் இப்படி ஒரு பட்டியல் இல்லாதது பெரிய குறை.

நிறுவிவிட்டு ஒருமுறைகூடத் திறக்காத செயலியால் தானாக எழ முடியாது. 2011இல் வந்த ஆண்ட்ராய்டு 3.1 முதல் இந்தக் காப்பு இருக்கிறது. முதல் தட்டு உங்கள் விரலிலிருந்து வர வேண்டும். அதனால் தெரியாத செயலி ஒன்று போனில் இருப்பதைக் கண்டால், என்னதான் இது என்று திறந்து பார்க்காமல் நேரே நீக்கிவிடுங்கள்.

ஃபோர்ஸ் ஸ்டாப்

அட்டையைத் தள்ளுவது வேறு, செட்டிங்ஸில் போய் ஃபோர்ஸ் ஸ்டாப் அழுத்துவது வேறு. தள்ளினால் அட்டை போகும். பின்னணி வேலை தொடரலாம். ஃபோர்ஸ் ஸ்டாப் செய்தால் நீங்கள் மறுபடி திறக்கும்வரை அந்தச் செயலி எழாது, ரீஸ்டார்ட் செய்தாலும் எழாது. வாட்ஸ்அப்பை இப்படி நிறுத்திவிட்டு, செய்தியே வரவில்லை என்று மருகியவர்களை எனக்குத் தெரியும்.

வெற்று அட்டை

வங்கிச் செயலியின் அட்டை மட்டும் வெறுமையாக இருக்கிறதா? பழுது இல்லை. படம் எடுக்காதே என்று அந்தச் செயலி போனிடம் சொல்லியிருக்கிறது. உங்கள் கணக்கு இருப்பு அட்டையில் தெரிந்துவிடக் கூடாது அல்லவா!

பட்டியலில் வராதவை

அட்டை வரிசையில் தெரியாமல் இருக்கவும் ஒரு செயலிக்கு உரிமை உண்டு. எழுதும்போதே ஒரு வரி சேர்த்தால் போதும். அலாரம் அடிக்கும் திரை இப்படித்தான் ஒதுங்கி நிற்கிறது. காலை ஆறு மணி அலாரத்தின் அட்டை நாள் முழுக்க நமக்கு எதற்கு? அதே உரிமையைக் கெட்ட செயலியும் எடுத்துக்கொள்ளலாம். தன் அட்டையின் பெயரையும் சின்னத்தையும் மாற்றிக் காட்டவும் ஆண்ட்ராய்டு செயலிகளை விடுகிறது. அட்டையின் பெயரை மட்டும் நம்ப முடியாது.

சந்தேகமாக ஓர் அட்டை தெரிந்தால் அதைத் தள்ளிவிடாதீர்கள். தள்ளினால் கையில் இருந்த ஒரே துப்பு போய்விடும். அட்டையின் மேலுள்ள சின்னத்தைத் தொட்டு அல்லது அழுத்திப் பிடித்து 'ஆப் இன்ஃபோ' போங்கள். உண்மையான பெயர் அங்கே இருக்கும். கீழே இறங்கினால் பிளே ஸ்டோரிலிருந்து வந்ததா, வேறு வழியில் வந்ததா என்பதும் பெரும்பாலும் தெரியும்.

2019இல் ஆண்ட்ராய்டு 10 இரண்டு நல்ல காரியம் செய்தது. பின்னணியில் இருக்கும் செயலி திடீரென்று முழுத் திரையில் குதிப்பதைத் தடுத்தது. நிறுவிய பின் சின்னத்தை மறைத்துக்கொள்ளும் வழக்கமான தந்திரத்தையும் முடக்கியது. முதல் தடையில் ஒரு சந்து மட்டும் மிச்சம் இருக்கிறது: மற்றச் செயலிகளுக்கு மேலே தோன்றும் அனுமதி. அதை வாங்கிய செயலி இன்றும் குதிக்கலாம். செட்டிங்ஸில் சிறப்பு அனுமதிகள் பகுதியில் அந்தப் பட்டியலை இன்றே பாருங்கள். அழைப்பவர் பெயர் காட்டும் செயலி மாதிரி ஒன்றிரண்டுக்குத்தான் அங்கே இடம் இருக்க வேண்டும்.

எக்ஸ்ஹெல்பர்

2019இல் பல நாடுகளின் போன்களில் ஒரு விஷமி புகுந்தது. பெயர் எக்ஸ்ஹெல்பர். முகப்பில் சின்னம் கிடையாது. ரீஸ்டார்ட் செய்தால் எழும், சார்ஜரைச் செருகினால் எழும், பிடுங்கினால் எழும், வேறு ஏதாவது செயலியை நிறுவினாலும் எழும். ஆறு மாதத்தில் 45,000 போன்களில் அது இருந்ததாக சிமான்டெக் நிறுவனம் அந்த ஆண்டு அக்டோபரில் கணக்குச் சொன்னது. அதிகம் பாதிக்கப்பட்ட நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

மக்களை உலுக்கியது என்னவென்றால், போனை முழுதாகத் துடைத்து ஃபேக்டரி ரீசெட் செய்த பிறகும் அது திரும்பி வந்தது. எப்படி என்பதை 2020 ஏப்ரலில் காஸ்பர்ஸ்கை ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அது கொண்டுவந்த ட்ரயாடா என்ற இன்னொரு விஷமி, போனின் சிஸ்டம் பகுதிக்குள்ளேயே போய் உட்கார்ந்திருந்தது. ஃபேக்டரி ரீசெட் அந்தப் பகுதியைத் தொடுவதில்லை. பழைய ஆண்ட்ராய்டு 6, 7 போன்களே பெரும்பாலும் இதில் சிக்கின. பழைய போனை வீட்டுப் பெரியவர்களுக்குக் கொடுக்கும் நாம் இதை நினைவில் கொள்ள வேண்டும். அப்டேட் நின்றுபோன போன் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

கூடவே பிறந்தவை

போனோடு வந்த செயலிகளை நீக்க முடியாததற்கும் அதே காரணம்தான். அவை இருப்பதும் சிஸ்டம் பகுதியில். 'டிசேபிள்' செய்யலாம், அவ்வளவே. பெரிய அப்டேட் ஒன்று வந்து ரீஸ்டார்ட் ஆன பிறகு, இதுவரை பார்க்காத செயலி ஒன்று போனில் தெரிந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த அப்டேட்டையே. செயலிகளை இப்படி முன்கூட்டியே ஏற்றித் தர வேண்டும் என்று போன் நிறுவனங்களுக்குப் போட்ட நிபந்தனைகளும் முக்கியக் காரணமாக, 2022 அக்டோபர் 20 அன்று இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

சேஃப் மோட்

பவர் பொத்தானை அழுத்தி, திரையில் வரும் 'பவர் ஆஃப்' மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பல ஆண்ட்ராய்டு போன்கள் சேஃப் மோடுக்குப் போகட்டுமா என்று கேட்கும். அதில் போனோடு வந்த செயலிகள் மட்டுமே ஓடும். நீங்கள் நிறுவியவை எல்லாம் கட்டிப்போட்டபடி இருக்கும். தொல்லை அங்கே இல்லையென்றால், காரணம் நிறுவிய செயலிகளில் ஒன்று. சேஃப் மோடில் இருந்தபடியே அதை நீக்கலாம். மறுபடி ரீஸ்டார்ட் செய்தால் போன் பழைய நிலைக்கு வந்துவிடும்.

அம்மா போனில் அப்படித்தான் செய்தோம். அந்தப் பெயர் தெரியாத அட்டையின் ஆப் இன்ஃபோவைத் திறந்தால், சாமி படங்கள் தரும் வால்பேப்பர் செயலி. யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய இணைப்பிலிருந்து வந்திருந்தது. மற்றச் செயலிகளுக்கு மேலே தோன்றும் அனுமதியும் அதற்கு இருந்தது. சேஃப் மோடில் நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தோம். அம்மாவே பின் நம்பர் போட்டார். ஒரு நிமிடம் காத்திருந்து அட்டைகளைத் திறந்து பார்த்தார். வாட்ஸ்அப், நாள்காட்டி, கேமரா, யூடியூப். நான்கே நான்கு.